63 வயது அப்பாவுக்கு டெஸ்டோஸ்டிரோன் ஊசி போடலாமா? முதலில் அவர் தொடையைப் பாருங்கள்

தம்பி, நீங்கள் கேட்டதை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் விஷயம் தெரியட்டும். அப்பாவுக்கு 63 வயது, 68 கிலோ எடை, 12 வருஷமாகச் சர்க்கரை, மெட்பார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறார். தினமும் காலையில் 45 நிமிஷம் தவறாமல் நடக்கிறார். அப்படியும் கை கால் மெலிந்துகொண்டே வருகிறது, தொப்பை மட்டும் குறையவில்லை, எதிலும் சுரத்து இல்லை, கல்யாணப் பந்தியில் தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. நீங்கள் போகிற ஜிம்மில் ட்ரெய்னர் சொன்னார் என்று ஒரு நாள் சாயங்காலம் ரத்தம் எடுத்துப் பார்த்ததில் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் 268 என்று வந்திருக்கிறது. வாரம் 250 மில்லிகிராம் ஊசி போட்டால் மூன்றே மாதத்தில் பழைய ஆளாகிவிடுவார் என்கிறார் அவர். போடலாமா என்பது கேள்வி.

இப்போதைக்கு வேண்டாம். எப்போதுமே கூடாது என்று சொல்லவில்லை, சிலருக்கு அந்த ஹார்மோன் உண்மையிலேயே தேவைப்படும், அதையும் கீழே சொல்கிறேன். ஆனால் உங்கள் கேள்வியில் எனக்கு முதலில் கண்ணில் பட்டது பந்தியில் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை என்ற வரி, அந்த 268 அப்புறம்தான். நான் பிசியோதெரபிஸ்ட், 27 வருஷமாக இதே வேலை, என்னிடம் வருகிறவர்களில் பாதிக்கு மேல் 60 தாண்டியவர்கள். விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து வருகிற பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் ஒரே கதையைத்தான் வேறு வேறு வார்த்தையில் சொல்வார்கள்: நாலைந்து வருஷமாகவே கீழே உட்கார்ந்தால் எழச் சிரமமாக இருந்தது, அதனால் கீழே உட்காருவதையே விட்டுவிட்டேன்.

என் அப்பாவும் அப்படித்தான். அவர் பிறந்த ஊரில் இளவட்டக்கல் கிடந்தது, வாலிபத்தில் அதைத் தோளுக்கு மேல் போட்ட ஆள் என்று ஊரில் பெயர். 70 வயதில் வீட்டில் வெஸ்டர்ன் கழிப்பறை கட்டினோம், சாப்பாட்டு மேசை வாங்கினோம், பூஜைக்கு ஒரு ஸ்டூல் போட்டோம், எல்லாம் அவர் வசதிக்காகத்தான். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு முறை குத்தவைத்து எழுந்துகொண்டிருந்த மனிதரின் உடம்பிலிருந்து அந்த வேலையைப் பாசத்தோடு பிடுங்கிவிட்டோம். 74 வயதில் குளியலறையில் விழுந்தார். தொழிலே இதுதான் என்றிருந்த எனக்கு அப்போது உறைக்கவில்லை, அதனால்தான் இப்போது பார்க்கிறவர்களிடமெல்லாம் இதைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நடைப்பயிற்சி நல்லதுதான், இதயத்துக்கும் சர்க்கரைக்கும் மனசுக்கும் நல்லது, அப்பா அதை நிறுத்தவே வேண்டாம். ஆனால் நடப்பதற்குத் தொடைத் தசை தன் பலத்தில் கொஞ்சத்தைத்தான் செலவழிக்கிறது. நம் தசையில் இரண்டு வகை நார்கள் இருக்கின்றன. மெதுவாக நீண்ட நேரம் உழைக்கிற நார் ஒன்று, சட்டென்று பலமாக இழுக்கிற நார் இன்னொன்று. வயதாக ஆக அதிகம் சுருங்குவது இரண்டாவது வகை. தரையிலிருந்து எழுவதற்கும், படியில் கால் தடுக்கினால் மறுகாலைச் சட்டென்று முன்னால் வைத்து விழாமல் தப்பிப்பதற்கும் அதுதான் வேண்டும். கனமான வேலை கொடுத்தால் மட்டுமே அந்த நார் விழித்துக்கொள்ளும். அதனால் பத்து வருஷம் தினமும் நடந்தவருக்கும் தொடை சூம்பும், அதில் ஆச்சரியமே இல்லை. முப்பது வயதுக்கு மேல் பத்தாண்டுக்குச் சுமார் 3 முதல் 8 சதவீதம் தசை போகிறது, 60-க்கு மேல் வேகம் கூடுகிறது, தசையின் அளவைவிட பலம் இன்னும் வேகமாகக் குறைகிறது. சர்க்கரைக்காரருக்கு இது இரட்டை நஷ்டம், ஏனென்றால் சாப்பாட்டுக்குப் பிறகு ரத்தத்தில் ஏறுகிற சர்க்கரையில் பெரிய பங்கை வாங்கிக்கொள்வது தசைதான். வாங்கி வைக்கிற இடம் சுருங்கினால் மாத்திரையின் அளவைக் கூட்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

சரி, அப்பா எந்த நிலையில் இருக்கிறார் என்று வீட்டிலேயே பார்க்கலாம். கைப்பிடி இல்லாத சாதாரண நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள், கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு ஐந்து முறை முழுசாக எழுந்து உட்காரச் சொல்லுங்கள், போனில் நேரம் பாருங்கள். ஆசிய நாட்டவர்களுக்காக 2019-ல் வெளியான வழிகாட்டுதல்படி 12 வினாடி அல்லது அதற்கு மேல் ஆனால் உடல் திறன் குறைந்திருக்கிறது என்று அர்த்தம். கெண்டைக்காலின் பருத்த இடத்தைத் தையல் டேப்பால் அளந்து பாருங்கள், ஆண்களுக்கு 34 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் தசை இழப்பைச் சந்தேகிக்க வேண்டும். இரண்டையும் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். டெஸ்டோஸ்டிரோன் எண்ணைவிட இந்த இரண்டு எண்களும் அப்பாவின் அடுத்த பத்து வருஷத்தைப் பற்றி அதிகம் சொல்லும் என்பது என் அனுபவம்.

இந்த வயதில் போய் பளு தூக்கச் சொல்வதா என்று அம்மா கேட்பார்கள், கேட்காவிட்டால்தான் ஆச்சரியம். 1990-ல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில் 86 முதல் 96 வயது வரையிலான பத்துப் பேருக்கு எட்டு வாரம் தொடைக்கு மட்டும் கனமான பளுப் பயிற்சி கொடுத்தார்கள். அவர்கள் எல்லாருமே தளர்ந்துபோனவர்கள், பலருக்கு மூட்டுவலியும் இதயக் கோளாறும் உண்டு. எட்டு வாரத்தில் தொடை பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது, இரண்டு பேர் கைத்தடியைக் கீழே வைத்துவிட்டார்கள். நாலு வருஷம் கழித்து அதே குழு 100 பேரை வைத்துப் பெரிய ஆய்வு செய்தது. அதில் ஒரு பிரிவினருக்குப் பயிற்சியே இல்லாமல் சத்து பானம் மட்டும் கொடுத்தார்கள். அவர்கள் பலம் கூடவில்லை. மாவு டப்பா வாங்கிக் கொடுத்தால் அப்பா தேறிவிடுவார் என்று நினைக்கிற பிள்ளைகளுக்கு அந்த முடிவை நான் அடிக்கடி சொல்வேன். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் செய்த இன்னொரு ஆய்வின் முடிவு 2024-ல் வந்தது: ஓய்வு பெறும் வயதில் இருப்பவர்கள் வாரம் மூன்று நாள் ஒரே ஒரு வருஷம் கனமான பளுப் பயிற்சி செய்தார்கள், தொடங்கி நாலு வருஷம் கழித்துப் பார்த்தபோதும் அவர்கள் கால் பலம் குறையாமல் நின்றது. ரப்பர் பட்டை போன்றவற்றில் மிதமாகச் செய்தவர்களுக்கும் ஒன்றும் செய்யாதவர்களுக்கும் குறைந்திருந்தது.

இனி என்ன செய்வது என்று பார்ப்போம். வாரத்தில் இரண்டு நாள் போதும், முடிந்தால் மூன்று, இடையில் ஒரு நாளாவது ஓய்வு. முதல் பயிற்சி அந்த நாற்காலியே. எட்டு முறை எழுந்து உட்கார்ந்து, இரண்டு நிமிஷம் இளைப்பாறி, மறுபடி எட்டு, அப்படி மூன்று சுற்று. அது சுலபமாகி 12 முறை வந்துவிட்டால் நெஞ்சோடு ஒரு 5 கிலோ அரிசிப் பையை அணைத்துக்கொண்டு செய்யட்டும், அதுவும் சுலபமானால் நாற்காலிக்குப் பதில் உயரம் குறைந்த முக்காலி. நம் தாத்தாக்கள் பஸ்கி என்று போட்டது இதைத்தான், ஒரேயடியாக நூறு போட்டார்கள், நாம் எட்டில் ஆரம்பிக்கிறோம். இரண்டாவது, தரையில் இருக்கிற கனத்தை முதுகை வளைக்காமல் இடுப்பிலிருந்து குனிந்து தூக்கி நிற்பது. இதைத் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்று இரண்டு மூன்று முறை சரிபார்க்க வேண்டும், ஆரம்பத்தில் கனத்தை ஒரு ஸ்டூலின் மேல் வைத்துத் தூக்கினால் முதுகுக்கு நல்லது. மூன்றாவது தண்டால், ஆனால் சுவரில் கை வைத்து. பிறகு மேசை விளிம்பு, ஆறு மாதம் கழித்துத் தரை. நான்காவது இழுக்கிற வேலை, ஜன்னல் கம்பியில் கட்டிய ரப்பர் பட்டையாக இருந்தாலும் ஜிம்மில் இருக்கிற இழுக்கும் மெஷினாக இருந்தாலும் சரி. அப்புறம் இரண்டு கையிலும் 5 லிட்டர் தண்ணீர் கேனைப் பிடித்துக்கொண்டு கூடத்தில் நடப்பது, சுவரைப் பிடித்தபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது. மொத்தம் 40 நிமிஷம் ஆகும்.

இதில் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒவ்வொரு சுற்றிலும் கடைசி இரண்டு முறை சிரமமாக இருக்க வேண்டும், 'இன்னும் இரண்டு மூன்று முடியும், அதற்கு மேல் முடியாது' என்ற இடத்தில் நிறுத்த வேண்டும். அரைக் கிலோ டம்பெல்லை ஐம்பது முறை ஆட்டுவதில் ஒன்றும் நடக்காது, வயதானவர் என்று பாவம் பார்த்துக் கொடுக்கிற அந்த ரோஸ் கலர் டம்பெல்லைப் பார்த்தாலே எனக்கு ஆற்றாமையாக இருக்கும். பளு சுலபமான அன்று கூட்டுங்கள், கூட்டியதை நோட்டில் எழுதுங்கள்.

முழங்கால் வலி இருக்கிறது என்று நீங்கள் எழுதவில்லை, ஆனால் 63 வயதில் கொஞ்சமாவது இருக்கும். பத்துக்கு மூன்று நாலு அளவு வலி வந்து மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் பயப்பட வேண்டாம், தொடை பலமாக பலமாக மூட்டுவலி குறைவதைத்தான் பெரும்பாலும் பார்க்கிறேன். மறுநாள் வீங்கினால் பளுவைக் குறையுங்கள், நிறுத்த வேண்டாம். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது, எழும்போது ஊதி வெளியே விடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ரத்த அழுத்தம் எகிறும். கிளிமிபிரைடு சர்க்கரையை ஒரேயடியாக இறக்கிவிடக்கூடிய மாத்திரை என்பதால் இதைக் கவனியுங்கள்: பயிற்சிக்கு முன் சர்க்கரை 90-க்குக் கீழே இருந்தால் ஏதாவது சாப்பிட்டுவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும், பையில் எப்போதும் குளுக்கோஸோ மிட்டாயோ இருக்கட்டும், இரண்டு மாதத்தில் சர்க்கரை இறங்க ஆரம்பித்தால் மாத்திரை அளவைக் குறைக்கச் சொல்லி டாக்டரிடம் போங்கள். 12 வருஷச் சர்க்கரை என்றால் கண் விழித்திரையை ஒரு முறை கண்டிப்பாகக் காட்டிவிடுங்கள். விழித்திரையில் புது ரத்தக் குழாய்கள் வளர்ந்திருந்தால் அதைச் சரிசெய்யாமல் முக்கிப் பளு தூக்கக் கூடாது. நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், மயக்கம் வந்ததுண்டா என்றும் கேளுங்கள், இருந்தால் முதலில் இதய டாக்டர்.

சாப்பாட்டுக்கு வருகிறேன். அப்பாவின் ஒரு நாள் சாப்பாட்டை நீங்கள் எழுதியிருந்தீர்கள், நாலு இட்லி சட்னி சாம்பார், மத்தியானம் சாதம் குழம்பு பொரியல் தயிர், சாயங்காலம் டீயும் பிஸ்கட்டும், ராத்திரி மூன்று தோசை, படுக்கும் முன் ஒரு டம்ளர் பால். இட்லிக்கு 2 கிராம் என்று வைத்து எல்லாவற்றையும் கூட்டினால் புரதம் 45, 50 கிராமைத் தாண்டாது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) 2020-ல் சொன்ன அளவு பெரியவர்களுக்குக் கிலோவுக்கு 0.83 கிராம், அதுவும் நல்ல தரமான புரதமாக இருந்தால். அப்பாவுக்கு அதுவே 56 வருகிறது. ஆனால் வயதான தசை மந்தமாகிவிடும், இருபது வயதுப் பையனுக்கு ஒரு முட்டையில் நடக்கிற வேலை அதற்கு நடக்காது, அதனால் வயதானவர்களின் புரதத் தேவை பற்றி 2013-ல் ஒரு சர்வதேச நிபுணர் குழு கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்றும், உடற்பயிற்சி செய்பவர்களுக்கு 1.2-க்குக் குறையாமலும் சொன்னது. அப்பாவுக்கு அது 80 கிராம். ஒரே வேளையில் கொட்டாமல் மூன்று வேளைக்கும் 25 கிராம் போலப் பிரிப்பது நல்லது, நம் வீடுகளில் காலைச் சாப்பாட்டில்தான் பெரிய ஓட்டை.

இதற்கு சமையலறையையே மாற்ற வேண்டியதில்லை. நாலு இட்லியை மூன்றாக்கி இரண்டு முட்டை சேருங்கள், 12 கிராம் வந்துவிட்டது. மத்தியானம் சாதத்தில் ஒரு கரண்டியைக் குறைத்துவிட்டு நூறு நூற்றிருபது கிராம் மீனோ கோழியோ, அதில் 20-க்கு மேல். மத்தியும் அயிலையும் விலையும் மலிவு, நல்ல கொழுப்பும் இருக்கிறது. கருவாடு வேண்டாம், உப்பு. சாயங்காலம் பிஸ்கட்டை எடுத்துவிட்டு ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல், இல்லை ஒரு கைப்பிடி பொட்டுக்கடலையும் வேர்க்கடலையும். கூட்டிப் பாருங்கள், 80 வந்திருக்கும். வெள்ளி, சனி, புரட்டாசி என்று கவிச்சி இல்லாத நாட்களில் சோயா உருண்டை 40 கிராம் உலர்ந்த எடையில் எடுத்து வதக்கினால் 20 கிராம் வருகிறது, பனீர் 100 கிராமில் 18. 'பருப்பு சாப்பிடுகிறோமே' என்பார்கள். சாம்பாரில் ஒரு ஆளுக்கு விழுகிற பருப்பு அதிகம் போனால் இருபது கிராம், அதில் 4, 5 கிராம் புரதம், அவ்வளவுதான். கெட்டியாக ஒரு கிண்ணம் பருப்பு சாப்பிட்டால் வேறு விஷயம்.

புரதத்தைக் கூட்டும் முன் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று தெரிய ரத்தத்தில் கிரியேட்டினினும் சிறுநீரில் ஆல்புமினும் பார்த்துவிடுங்கள், இது சர்க்கரைக்காரர் எல்லாருக்கும். சிறுநீரகம் ஏற்கெனவே நன்றாகப் பழுதாகியிருந்தால் மேலே சொன்ன கணக்கு பொருந்தாது, அங்கே சிறுநீரக டாக்டர் சொல்வதுதான். மற்றபடி ஆரோக்கியமான சிறுநீரகத்தை முட்டை கெடுக்காது. பவுடர்களில் கிரியேட்டின் ஒன்றை மட்டும் நான் சொல்வேன், தினம் 3 முதல் 5 கிராம், பளுப் பயிற்சியோடு சேர்த்தால் வயதானவர்களுக்குக் கூடுதலாக ஒரு கிலோ போலத் தசை சேர்வது பல ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது, ஆனால் அதைச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிரியேட்டினின் எண் கொஞ்சம் ஏறிக் காட்டும் என்பதால் டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள். ஆண்மை லேகியம், பெயர் தெரியாத கேப்ஸ்யூல் எதுவும் வேண்டாம். அவற்றில் லேபிளில் சொல்லாமல் ஸ்டீராய்டோ, வயாக்ராவில் இருக்கிற சில்டெனாபிலோ கலந்திருப்பது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது, நெஞ்சுவலிக்கு நாக்கின் அடியில் நைட்ரேட் மாத்திரை வைக்கிற ஒருவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் அதலபாதாளத்துக்கு இறங்கிவிடும்.

சுரத்து இல்லை என்கிறீர்களே, அதற்கு டெஸ்டோஸ்டிரோனை நினைக்கும் முன் பார்க்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. மெட்பார்மினை வருஷக்கணக்கில் சாப்பிடுகிறவர்களுக்கு வைட்டமின் பி12 குறையும், களைப்பு, கால் மரமரப்பு, மறதி எல்லாம் அதில் வரும். அப்பாவுக்கு 12 வருஷம் ஆகிறது, யாராவது ஒரு முறையாவது பி12 பார்த்திருக்கிறார்களா? ஹீமோகுளோபின், தைராய்டு, வைட்டமின் டி இவற்றையும் சேர்த்துப் பாருங்கள். பலமாகக் குறட்டை விட்டு நடுவில் மூச்சு நின்று நின்று வருகிறதா என்று அம்மாவிடம் கேளுங்கள், தூக்கத்தில் மூச்சுத் தடை இருந்தால் எவ்வளவு நேரம் படுத்தாலும் களைப்பு போகாது. ஓய்வு பெற்ற பிறகு சில ஆண்களுக்கு வருகிற மனச்சோர்வும் வெளியே இப்படித்தான் தெரியும். அதை வீட்டில் யாரும் கேட்பதில்லை, நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்.

இப்போது அந்த 268. டெஸ்டோஸ்டிரோன் காலையில் உச்சத்தில் இருந்து சாயங்காலம் இறங்குகிற ஹார்மோன், சாப்பிட்டாலும் இறங்கும், காய்ச்சல் வந்தாலும் தூக்கம் கெட்டாலும் இறங்கும். சிகாகோவில் பத்து இளைஞர்களை ஒரு வாரம் தினம் ஐந்து மணி நேரம் மட்டும் தூங்கவைத்துப் பார்த்ததில் பகல்நேர அளவு 10 முதல் 15 சதவீதம் விழுந்தது, 2011-ல் வெளியான ஆய்வு. அதனால் காலை 7 முதல் 10 மணிக்குள், வெறும் வயிற்றில், வேறு வேறு நாட்களில் இரண்டு முறை எடுத்து, இரண்டும் குறைவாக இருந்தால்தான் குறைவு என்று பேசவே ஆரம்பிப்பார்கள். அமெரிக்க யூராலஜி (சிறுநீர்ப்பாதை மருத்துவர்கள்) சங்கம் 300-ஐ எல்லையாக வைக்கிறது, நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்கள் ஒத்துக்கொண்ட அளவுகோல் 264-இல் ஆரம்பிக்கிறது, சாயங்காலம் எடுத்த 268-ஐ வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இரண்டு முறையும் குறைவு என்று வந்தால் எல்.எச்., ப்ரோலாக்டின் என்ற வேறு இரண்டு ஹார்மோன்களைப் பார்த்து, கோளாறு விதையிலா மூளையின் அடியில் இருக்கிற பிட்யூட்டரி சுரப்பியிலா என்று கண்டுபிடிக்க வேண்டும். தொப்பையும் சர்க்கரையும் உள்ளவர்களுக்கு இந்த ஹார்மோனை ரத்தத்தில் சுமக்கிற புரதமே குறைந்திருக்கும், அதனால் மொத்த அளவு குறைவாகத் தெரிந்தாலும் உடம்புக்குக் கிடைக்கிற அளவு போதுமானதாக இருக்கலாம். தொப்பை குறைந்தால் எண் தானாக ஏறுவதும் உண்டு.

ஊசி என்ன செய்யும் என்பதற்கு நல்ல ஆய்வுகளே இருக்கின்றன. 65 தாண்டிய, டெஸ்டோஸ்டிரோன் உண்மையிலேயே குறைவாக இருந்த 790 பேருக்கு ஒரு வருஷம் ஜெல் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வின் முடிவுகள் 2016-லும் 2017-லும் வந்தன. தாம்பத்திய ஆசை ஓரளவு கூடியது, மனநிலை சற்றுத் தேறியது, ரத்தசோகை இருந்தவர்களில் பலருக்கு அது சரியானது, எலும்பின் அடர்த்தி கூடியது. ஆனால் நடக்கச் சிரமப்பட்டவர்களின் நடை சொல்லும்படி மாறவில்லை, களைப்பும் பெரிதாகப் போகவில்லை, இதய ரத்தக் குழாய்ச் சுவரில் படிவு கூடியது. அப்பாவை நீங்கள் எதற்காக ஊசிக்குக் கூட்டிப்போக நினைக்கிறீர்களோ, அந்தத் தெம்பும் நடையும்தான் கிடைக்காமல் போனவை. 2023-ல் வந்த பெரிய ஆய்வில் இதய நோய் ஆபத்து உள்ள 5,200-க்கும் மேற்பட்டவர்களைப் பின்தொடர்ந்தார்கள், டெஸ்டோஸ்டிரோன் ஜெல் போட்டவர்களுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மருந்தில்லாத ஜெல் போட்டவர்களைவிடக் கூடவில்லை, அது நல்ல செய்தி, டாக்டர்களுக்கு இருந்த பெரிய பயம் குறைந்தது. அதே ஆய்வில் ஜெல் போட்டவர்களுக்கு ஒழுங்கற்ற இதயத் துடிப்பும் நுரையீரலில் ரத்தக் கட்டியும் கொஞ்சம் அதிகமாக வந்தன, அடர்த்தி கூடினால் எலும்பு உடையாது என்று நினைத்திருந்தார்கள், எலும்பு முறிவும் அவர்களுக்கே அதிகம், அவர்களில் 3.5 சதவீதம், மற்றவர்களில் 2.46. தொப்பை உள்ள 1,007 ஆண்களை வைத்து ஆஸ்திரேலியாவில் இரண்டு வருஷம் நடந்த இன்னொரு ஆய்வில், உணவுக் கட்டுப்பாடும் உடற்பயிற்சியும் செய்தவர்களுக்கு ஊசியும் சேர்த்தபோது இரண்டாண்டு முடிவில் சர்க்கரை நோய் 21-லிருந்து 12 சதவீதமாக இறங்கியது. ஆனால் அது சர்க்கரை வரப்போகிற கட்டத்திலும் ஆரம்பக் கட்டத்திலும் இருந்தவர்களுக்கு. 12 வருஷம் ஆன உங்கள் அப்பாவுக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. அங்கேயும் ஊசி போட்டவர்களில் 22 சதவீதம் பேருக்கு ரத்தம் அளவுக்கு மீறிக் கெட்டியானது.

ரத்தம் கெட்டியாவதுதான் நான் நேரில் அதிகம் பார்க்கிற தொல்லை. லேப் ரிப்போர்ட்டில் பி.சி.வி. என்று இருக்கும், ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்பது அது, 54-ஐத் தாண்டினால் மருந்தை நிறுத்தியாக வேண்டும். தோள்வலிக்கு என்னிடம் வந்த 56 வயதுக்காரர் ஒருவர், முகம் செக்கச்செவேலென்று இருந்தது, தலைவலி என்றார், கேட்டால் எட்டு மாதமாக ஜிம் ஊசி, ஒரு ரத்தப் பரிசோதனைகூடச் செய்ததில்லை. பார்த்தால் பி.சி.வி. 58. உடனே டாக்டரிடம் அனுப்பினேன். டாக்டர்கள் குறைபாட்டுக்குக் கொடுக்கிற அளவு வாரம் 75 முதல் 100 மில்லிகிராம்தான், அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறை 150, 200. உங்கள் ட்ரெய்னர் சொல்கிற 250 அதைவிட இரண்டரை மடங்கு, அதற்குக் குறைபாட்டைச் சரிசெய்வது என்று பெயரே கிடையாது. பழைய ஆளாகிவிடுவார் என்ற பேச்சும் புதிதில்லை. 1889-ல் பிரௌன் செக்கார் என்ற பிரெஞ்சு மருத்துவ அறிஞர், அப்போது அவருக்கு 72 வயது, நாய், கினிப் பன்றி விதைகளின் சாற்றைத் தனக்கே ஊசி போட்டுக்கொண்டு இளமை திரும்பிவிட்டதாகப் பாரிஸில் அறிவித்தார். டெஸ்டோஸ்டிரோன் தண்ணீரில் கரையாத பொருள், அந்தச் சாற்றில் அது வேலை செய்கிற அளவுக்கு இருந்திருக்க வழியில்லை.

யாருக்குத் தேவை என்றால், காலையில் இரண்டு முறை எடுத்தும் தெளிவாகக் குறைவு, அதோடு ஆசை போய்விட்டது, காலையில் தானாக வருகிற ஆணுறுப்பு விறைப்பு நின்றுவிட்டது, தாடி மீசை வளர்ச்சி குறைந்தது போன்ற அறிகுறிகளும் சேர்ந்து இருக்கிறவர்களுக்கு. அவர்களுக்கு இது வரப்பிரசாதம், வெட்கப்பட்டுக்கொண்டு ஒதுங்கவே கூடாது. அப்படி வந்தால் நாளமில்லாச் சுரப்பி மருத்துவர் பி.எஸ்.ஏ. (புராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை), பி.சி.வி. இரண்டையும் பார்த்துவிட்டு ஆரம்பிப்பார், மூன்று முதல் ஆறு மாதத்தில் மறுபடி பார்ப்பார், பிறகு வருஷா வருஷம். புராஸ்டேட் புற்றுநோய் உள்ளவர்கள், ஆறு மாதத்துக்குள் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், மூச்சுத் தடைக்குச் சிகிச்சை எடுக்காதவர்கள் தொடக் கூடாது. ஜெல்லாகக் கொடுத்தால் பூசிய இடம் பேரக்குழந்தை மேல் படக் கூடாது, தோல் வழியாக ஏறிக் குழந்தைக்கு வயதுக்கு மீறிய மாற்றங்கள் வந்திருக்கின்றன. ஆரம்பித்த பிறகும் நாற்காலிப் பயிற்சி நிற்கக் கூடாது.

அதனால் இப்போது செய்ய வேண்டியது: இந்த வாரமே நாற்காலி நேரத்தையும் கெண்டைக்கால் அளவையும் எழுதிவிட்டுப் பயிற்சியை ஆரம்பியுங்கள், பி12 முதலான ரத்தப் பரிசோதனைகளைக் கொடுங்கள், பன்னிரண்டு வாரம் கழித்து ஒரு காலை வெறும் வயிற்றில் டெஸ்டோஸ்டிரோனை மறுபடி பாருங்கள். ஆசைக் குறைவு போன்ற அறிகுறிகள் இருப்பதாக அப்பா சொன்னால் மட்டும் அந்தப் பன்னிரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

கடைசியாக உங்களைப் பற்றி ஒன்று கேட்க வேண்டும், தம்பி. அப்பாவுக்கு இதைச் சொன்ன ட்ரெய்னர் உங்களுக்கும் சொல்லியிருக்கிறாரா? இன்னும் குழந்தை இல்லை என்று எழுதியிருந்தீர்கள், அதனால்தான் கேட்கிறேன். வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் ஏற்றினால் மூளை விதைகளுக்குக் கொடுக்கிற உத்தரவை நிறுத்திவிடும், விந்தணு உற்பத்தி படுத்துவிடும். உலக சுகாதார நிறுவனம் வாரம் 200 மில்லிகிராம் ஊசியை ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதித்து 1990-ல் முடிவை வெளியிட்டது, உங்கள் ஜிம்மில் ஓடுகிற அளவு அதைவிட அதிகம். ஏற்கெனவே போட ஆரம்பித்திருந்தால் அப்பாவின் ரத்தப் பரிசோதனைக்குப் போகிற அன்றே நீங்களும் ஒரு விந்தணுப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். நிறுத்தினால் பெரும்பாலானவர்களுக்குச் சில மாதங்களில் திரும்பி வந்துவிடுகிறது, சிலருக்கு ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகும். நிறுத்திய முதல் சில வாரம் உடம்பு ரொம்பச் சோர்ந்து போகும், அந்த நேரத்தில் ட்ரெய்னரிடம் போகாமல் டாக்டரிடம் போங்கள்.